ஒளி அளந்த பேராலயம்

நுழையும்முன்

சாணாலும் முழத்தாலும் அளந்தோம். கோலாலும் கயிற்றாலும் அளந்தோம். இன்று ஒளியை எறிந்து, அது சென்று திரும்பும் காலத்தைக் கொண்டு மலையையும் மாளிகையையும் நிலவையும் அளக்கிறோம். ஆய்வாளர் ஒருவர் அவ்வாறு அளந்து வைத்த கட்டடமொன்று, ஒன்பது ஆண்டுகளுக்குப் பின் ஒரு மாலைப்பொழுதில் தீப்பற்றி எரிந்தது. அப்போது அவர் உயிரோடு இல்லை. அவர் விட்டுச்சென்ற அளவுகளின் கதை வழியாக, லேசர் ஒளி உணரியின் செயல்பாட்டை அறிவது இப்பாடம்.

பிரான்சு நாட்டின் தலைநகரான பாரிசில், சேன் ஆற்றின் நடுவேயுள்ள சிறு தீவில் நோத்ர தாம் பேராலயம் நிற்கிறது. அதன் கட்டுமானம் 1163ஆம் ஆண்டளவில் தொடங்கியது. தலைமுறை தலைமுறையாகக் கல்தச்சர்கள் உழைத்து எழுப்பிய அதன் நீளம் ஏறத்தாழ 128 மீட்டர். மேற்கிலுள்ள இரட்டைக் கோபுரங்களின் உயரம் 69 மீட்டர். 2010ஆம் ஆண்டில் ஆன்ட்ரூ டாலன் என்பவர் அங்கு வந்து சேர்ந்தார். அவர் அமெரிக்காவின் வாசர் கல்லூரியில் கலை வரலாறு கற்பித்த பேராசிரியர். அவர் கையில் அளவு நாடாவும் தூக்குக்குண்டும் இல்லை. முக்காலி ஒன்றின்மேல் பொருத்தப்பட்ட பெட்டி போன்ற கருவி இருந்தது. அதை ஓரிடத்தில் நிறுத்தினார். அது தன்னைத்தானே மெல்லச் சுழன்றது. சுழற்சி முடிந்ததும் வேறோர் இடத்திற்கு மாற்றினார். உள்ளும் புறமுமாக ஐம்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் அக்கருவி நின்றது. பணி முடிந்தபோது நூறு கோடிக்கும் மேற்பட்ட புள்ளிகளாக அப்பேராலயம் கணிப்பொறிக்குள் வந்து சேர்ந்திருந்தது.

டாலனின் நோக்கம் கட்டடத்தைக் காப்பது அன்று. எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த கல்தச்சர்கள் என்ன எண்ணினார்கள், எங்கே தடுமாறினார்கள், எங்கே திருத்திக்கொண்டார்கள் என்று அறிவதே அவருடைய நோக்கம். அவர்கள் எழுதி வைத்துச் செல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு தூணின் சாய்விலும் ஒவ்வொரு வளைவின் விலகலிலும் அவர்களுடைய முடிவுகள் பதிந்திருக்கின்றன. அந்தச் சாய்வும் விலகலும் விரற்கடை அளவினவே. முப்பது மீட்டர் உயரத்தில் உள்ள வளைவின் விலகலை ஏணியும் நாடாவும் கொண்டு அளப்பது எளிதன்று. அதற்குத்தான் ஒளி வேண்டியிருந்தது.

நொடியின் நுண்கூறுகள்

மலைமுன் நின்று கூவினால் குரல் திரும்பி வருகிறது. மலை அருகே இருந்தால் விரைந்தும் தொலைவில் இருந்தால் தாழ்ந்தும் வருகிறது. ஒலியின் வேகம் தெரிந்தால், எதிரொலி வரும் காலத்தைக் கொண்டு மலையின் தொலைவைச் சொல்லிவிடலாம். வௌவால் இருட்டில் பறப்பதும், கப்பல்கள் கடலின் ஆழம் அறிவதும் இம்முறையால்தான். டாலனின் கருவி செய்ததும் இதுவே. கூவியது ஒலியால் அன்று, ஒளியால். இத்தகைய கருவிக்கு 'லிடார்' என்று பெயர். வானொலி அலைகளைக் கொண்டு வானூர்திகளைக் கண்டறியும் ரேடாரின் பெயரைப் பின்பற்றி, ஒளிக்குரிய ஆங்கிலச் சொல்லைச் சேர்த்து அமைந்த பெயர் அது.

அடிப்படை எளிது, இடர்ப்பாடு ஒளியின் வேகத்தில் இருக்கிறது. ஒளி வெற்றிடத்தில் நொடிக்கு 29,97,92,458 மீட்டர் செல்லும். கருவியிலிருந்து 45 மீட்டர் தொலைவில் உள்ள சுவரைத் தொட்டு மீள, ஒளி 90 மீட்டர் பயணம் செய்ய வேண்டும். அதற்கு ஆகும் காலம் ஏறத்தாழ 300 நானோ நொடி. ஒரு நானோ நொடி என்பது நொடியின் நூறு கோடியில் ஒரு கூறு. தமிழ் இலக்கணம் பயின்ற நமக்கு நொடி என்னும் சொல் புதிதன்று. எழுத்தொலியின் மாத்திரைக்குக் கண்ணிமைப்பையும் கைந்நொடியையும் அளவாகக் கொண்டது தொல்காப்பியம். விரலைச் சொடுக்கும் அந்தச் சிறு பொழுதை மேலும் பகுக்க வேண்டும் என்று அன்று எவருக்கும் தோன்றியிருக்க வழியில்லை. காதுக்கு அது போதும், ஒளிக்குப் போதாது.

ஒரு நானோ நொடியில் ஒளி 30 சென்டிமீட்டர் செல்கிறது. போக்கும் வரவும் சேர்த்துக் கணக்கிடுவதால், காலத்தைக் கணிப்பதில் ஒரு நானோ நொடி பிழை நேர்ந்தால் தொலைவில் 15 சென்டிமீட்டர் பிழை நேரும். டாலனின் அளவுகளோ 5 மில்லிமீட்டர் நுண்மை உடையவை. அப்படியானால் நானோ நொடியையும் முப்பதாகப் பகுத்து, அதில் ஒரு கூறு வரை காலத்தைக் கணித்தாக வேண்டும். இப்பணியைச் செய்யும் மின்னணுக் கடிகாரம்தான் இக்கருவியின் உயிர்நிலை. பார்ப்பவர் கண்ணுக்கு லேசர் பெரிதாகத் தோன்றும். ஆனால் பாராட்டுக்கு முதல் உரிமை கடிகாரத்துக்கே உண்டு என்பது என் கருத்து.

சாதாரண விளக்கொளி இதற்கு ஏன் உதவாது? கைவிளக்கின் ஒளி செல்லச் செல்ல விரிந்து நலியும். பல நிறங்கள் அதில் கலந்திருக்கும். லேசர் ஒளியோ ஒரே அலைநீளம் உடையது. நெடுந்தொலைவு சென்றாலும் மிகச் சிறிதளவே விரிவது. நானோ நொடிகளே நீடிக்கும் குறுந்துடிப்புகளாக அதை எறியவும் முடியும். சுவரில் பட்ட துடிப்பு நாற்புறமும் சிதறுகிறது. சிதறியதில் மிகச் சிறு பங்கே கருவிக்கு மீள்கிறது. எறிந்த அலைநீளத்தை மட்டும் உள்ளே விடும் வடிகட்டியை உணரியின் முன் வைத்துவிட்டால், பகலொளியின் பெரும்பகுதி விலக்கப்பட்டு, நலிந்த அம்மீளொளி பிரித்தறியப்படும். ஒளி உணரி அதை மின்துடிப்பாக மாற்றுகிறது, கடிகாரம் நிற்கிறது. வேறொரு முறையும் உண்டு. ஒளியைத் துடிப்பாக எறியாமல், அதன் செறிவு ஏறி இறங்குமாறு தொடர்ந்து அனுப்பி, சென்ற அலைக்கும் மீண்ட அலைக்கும் இடையேயான கட்ட வேறுபாட்டைக் கொண்டு தொலைவு காண்பது அது. அறைகள், கூடங்கள் போன்ற குறுந்தொலைவுகளுக்கு அம்முறை பொருந்தும்.

புள்ளி வைத்துக் கோலம்

தொலைவு மட்டும் தெரிந்தால் உருவம் கிடைக்காது. எத்திசையில் அத்தொலைவு என்பதும் வேண்டும். கருவியினுள் ஓர் ஆடி மேலும் கீழுமாக ஒளியைத் திருப்புகிறது. கருவி இடவலமாகச் சுழல்கிறது. ஒவ்வொரு துடிப்பும் எறியப்படும் கணத்தில் இவ்விரு கோணங்களும் பதிவாகின்றன. தொலைவு ஒன்று, கோணம் இரண்டு: இம்மூன்றைக் கொண்டு கணக்கு வகுப்பில் நாம் பயின்ற முக்கோணவியலே அப்புள்ளியின் நீள, அகல, உயர ஆயங்களைத் தந்துவிடும். நொடிக்குப் பல்லாயிரம் துடிப்புகள் எறியப்படுவதால், சில நிமிடங்களில் கருவியைச் சூழ்ந்த அனைத்தும் புள்ளிகளாகிவிடும். இதனைப் 'புள்ளிமுகில்' என்பர். திரையில் பார்க்கும்போது அது முகிலைப் போலவே தோன்றும். அணுகினால் கலையும், விலகினால் திரளும்.

ஓரிடத்தில் நின்று பார்க்கும் கருவிக்குத் தூணின் முன்புறம் மட்டுமே தெரியும். பின்புறம் நிழலாக விடுபடும். ஆகவேதான் டாலன் அதை ஐம்பது இடங்களுக்குச் சுமந்தார். ஐம்பது இடங்களிலிருந்து கிடைத்த ஐம்பது முகில்களையும் ஒன்றோடொன்று பிசகாமல் பொருத்த வேண்டும். இரண்டு முகில்களுக்கும் பொதுவாக உள்ள சில குறிகளை அடையாளம் கண்டு, அவை ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு கணிப்பொறி அம்முகில்களைத் திருப்பி நகர்த்துகிறது. இப்பொருத்தத்தில் சிறு பிழை நேர்ந்தாலும் அடுத்தடுத்த இணைப்புகளில் அது வளர்ந்து, நேரான கூடமும் வளைந்ததுபோலத் தோன்றும். கட்டடத்தின் சாய்வைக் காண வந்தவருக்கு இதைவிடப் பெரிய இடர் இல்லை. தூண் சாய்ந்திருக்கிறதா, நம் கணக்குச் சாய்ந்திருக்கிறதா என்னும் ஐயத்தை அவர் ஒவ்வொரு நாளும் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

புள்ளிக்கு நிறம் கிடையாது. மீண்ட ஒளி எவ்வளவு வலிமையுடையது என்பதை மட்டும் அது அறியும். டாலன் கருவி நின்ற அதே இடத்திலிருந்து சுற்றுமுற்றும் ஒளிப்படங்கள் எடுத்து, அப்படங்களின் நிறத்தைப் புள்ளிகளின்மேல் படிய வைத்தார். வாசலில் முதலில் புள்ளி வைத்துப் பின்னர் இழை இழுத்துக் கோலம் நிறைப்பதுபோல, அடுத்தடுத்த புள்ளிகளை முக்கோணங்களாக இணைத்தால் முகில் பரப்பாகிறது. பரப்பின்மேல் நிறம் ஏறுகிறது. கல்லின் வெடிப்பும் கரையும்கூடக் கண்முன் நிற்கின்றன.

சாய்ந்த அரசர்கள்

புள்ளிகள் என்ன கூறின? பேராலயத்தின் மேற்கு முனையில் உள்தூண்கள் ஒழுங்கான நேர்கோட்டில் நிற்கவில்லை. மேற்கு முகப்பில் அரசர்களின் சிலைகள் வரிசையாக நிற்கும் பகுதி, செங்குத்துக் கோட்டிலிருந்து ஏறத்தாழ ஓரடி விலகியிருந்தது. அடியில் மண் அமிழ்ந்திருக்க வேண்டும். கட்டியவர்கள் அதைக் கண்டு, மண் இறுகும்வரை பணியை நிறுத்திக் காத்திருந்து மீண்டும் தொடர்ந்திருக்க வேண்டும் என்று டாலன் கருதினார். எண்ணூறு ஆண்டுகளாக அம்முகப்பை அண்ணாந்து பார்த்தவர்கள் எத்தனை இலட்சம்! அவர்கள் கண்ணுக்குப்படாத ஒரு காத்திருப்பை அளவு காட்டிக் கொடுத்தது.

இன்னொரு செய்தி இதற்கு எதிர்மாறானது. பேராலயத்தின் வெளிப்புறத்தில் சிறகு விரித்தாற்போல நிற்கும் தாங்கு வளைவுகள் தொடக்கத்திலேயே கட்டப்பட்டவையா, சுவர்கள் சாயத் தொடங்கியபின் முட்டுக் கொடுக்கச் சேர்க்கப்பட்டவையா என்று அறிஞர்களிடையே நெடுங்கால வழக்கு இருந்தது. பின்னர்ச் சேர்த்திருந்தால், அதற்குமுன் சுவர் வெளிப்புறம் தள்ளப்பட்ட தடம் மேற்பகுதியில் இருக்க வேண்டும். டாலனின் அளவில் அத்தகைய தடம் இல்லை. மேற்சுவர் நின்ற இடத்திலேயே நிற்கிறது. ஆகவே தாங்கு வளைவுகள் கட்டடத்தோடு கட்டடமாகத் தோன்றியவை என்பது அவர் முடிவு. எதையும் காணாமையே இங்குச் சான்றாயிற்று என்பதைக் கவனிக்க வேண்டும். நூறு கோடிப் புள்ளிகளைக் கருவி தந்தது. எந்தப் புள்ளியைப் பார்க்க வேண்டும், எதை எதிர்பார்க்க வேண்டும் என்பதைப் பல்லாண்டுகள் அக்கட்டடக் கலையில் தோய்ந்த மனம் தந்தது.

கருவியின் குடிவழி

லேசரின் வயது இன்னும் நூறாகவில்லை. 1960 மே 16 அன்று அமெரிக்க அறிவியலாளர் தியோடர் மெய்மன் கெம்புக் கல்லைக் கொண்டு முதல் லேசரை ஒளிரச் செய்தார். இரண்டே ஆண்டுகளில், 1962இல், மாசாசூசெட்சு தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வாளர்கள் லேசர் ஒளியை நிலவின்மீது எறிந்து அதன் மீளொளியைப் பெற்றனர். 1969இல் நிலவில் இறங்கிய அப்பல்லோ 11 வீரர்கள் அங்கு நூறு சிறு பட்டகங்கள் கொண்ட தட்டு ஒன்றை வைத்துவிட்டு வந்தனர். மிதிவண்டியின் பின்புறத்தில் உள்ள சிவப்பு எதிரொளிப்பானைப் போல, எத்திசையிலிருந்து ஒளி வந்தாலும் வந்த திசைக்கே அது திருப்பி அனுப்பும். பூமியிலிருந்து எறியப்படும் ஒளி அதைத் தொட்டுத் திரும்ப இரண்டரை நொடி ஆகிறது. அவ்வாறு பல்லாண்டுகள் அளந்ததால்தான், நிலவு நம்மைவிட்டு ஆண்டுக்கு 3.8 சென்டிமீட்டர் விலகிச் செல்வதை நாம் அறிந்திருக்கிறோம். நகம் வளரும் வேகத்தை ஒத்த விலகல் அது.

இந்தியாவின் சந்திரயான் 1 விண்கலம் 2008இல் நிலவைச் சுற்றியபோது, அதிலிருந்த லேசர்க் கருவி நிலவுப் பரப்பின் மேடு பள்ளங்களை அளந்தது. 2023 ஆகஸ்டு 23 அன்று சந்திரயான் 3இன் விக்ரம் தரையிறங்கி நிலவின் தென்முனைப் பகுதியில் மெல்ல இறங்கியபோது, உயரத்தை அளக்கவும் இறங்கும் வேகத்தை அளக்கவும் லேசர் உணரிகள் துணைநின்றன. தன்னை நோக்கி வரும் பரப்பிலிருந்து மீளும் ஒளியின் அதிர்வெண் சற்றே மாறுபடும். அம்மாறுபாட்டைக் கொண்டு வேகம் அறியப்பட்டது. அத்திட்டத்தின் இயக்குநர் விழுப்புரத்தில் பிறந்த பி. வீரமுத்துவேல் என்பதை நீங்கள் அறிவீர்கள். விக்ரமின்மீதும் எட்டுப் பட்டகங்கள் கொண்ட சிறு எதிரொளிப்பான் பொருத்தப்பட்டிருந்தது. அதே ஆண்டு டிசம்பர் 12 அன்று, நிலவைச் சுற்றிக்கொண்டிருந்த நாசாவின் விண்கலம் நூறு கிலோமீட்டர் தொலைவிலிருந்து லேசர்த் துடிப்புகளை எறிந்து, விக்ரம் திருப்பி அனுப்பிய ஒளியைப் பெற்றது. அப்போது விக்ரம் தன் பணி முடித்து உறங்கிக்கொண்டிருந்தது. எதிரொளிப்பானுக்கு மின்சாரம் வேண்டியதில்லை.

இன்று ஓட்டுநர் இல்லா வண்டிகளின் தலையிலும், 2020 முதல் சில கைப்பேசிகளின் முதுகிலும் லிடார் அமர்ந்திருக்கிறது. அவற்றை விடுத்து, வானிலிருந்து அளக்கும் முறையைச் சற்று விரிவாகக் காண்போம்.

இலைகளின் இடைவெளி

நடு அமெரிக்காவில் பெலீசு நாட்டின் அடர்காட்டுக்குள் கரகோல் என்னும் மாயா நாகரிக நகரின் இடிபாடுகள் புதைந்து கிடக்கின்றன. ஆர்லன் சேசு, டயான் சேசு என்னும் தொல்லியல் அறிஞர் இணையர் அங்கு இருபத்தைந்து ஆண்டுகள் உழைத்தனர். கத்தியால் புதர் வெட்டி, அடி அடியாக நடந்து அவர்கள் அளந்து வரைந்த பரப்பு ஏறத்தாழ 23 சதுர கிலோமீட்டர். 2009 ஏப்ரலில் லிடார் பொருத்திய சிறு வானூர்தி ஒன்று சில நாள்கள் அக்காட்டின்மேல் பறந்து, 200 சதுர கிலோமீட்டரை அளந்துவிட்டது.

மேலிருந்து எறியும் ஒளி மரங்களில் பட்டுத் திரும்பிவிடாதா என்று கேட்கத் தோன்றும். பெரும்பாலான ஒளி அப்படித்தான் திரும்புகிறது. ஆனால் நண்பகலில் மரத்தடியில் நின்று பாருங்கள். நிழலுக்கிடையே தரையில் சிறு சிறு வெயிற்காசுகள் கிடக்கும். வெயில் நுழையும் இடைவெளியில் லேசரும் நுழையும். ஒரே துடிப்பின் ஒரு பகுதி உச்சி இலையில் பட்டு முதலில் திரும்ப, ஒரு பகுதி நடுக்கிளையில் பட்டு அடுத்துத் திரும்ப, எஞ்சியது தரையைத் தொட்டுக் கடைசியில் திரும்புகிறது. உணரி இவற்றைத் தனித்தனியே குறித்துக்கொள்கிறது. முன்வந்தவற்றை நீக்கிக் கடைசியில் வந்தவற்றை மட்டும் வைத்துக்கொண்டால், திரையில் காடு மறைந்து தரை எழும். மலைச்சரிவுகளில் அடுக்கடுக்கான வேளாண் படிக்கட்டுகளும், நகரை இணைக்கும் உயர்த்திய சாலைகளும் கரகோலில் இவ்வாறு வெளிப்பட்டன. பறக்கும் வானூர்தியின் இடமும் சாய்வும் ஒவ்வொரு கணமும் மாறுவதால், செயற்கைக்கோள் வழி இடமறியும் கருவியும் சாய்வறியும் உணரியும் உடன் இயங்கினால்தான் இது கைகூடும்.

இருபத்தைந்து ஆண்டு உழைப்பைச் சில நாள்கள் வென்றுவிட்டன என்று முடிவு கட்டிவிடக் கூடாது. திரையில் தெரிந்த மேடு வீடா, கோயிலா, வெறும் பாறையா என்று சொல்ல முடிந்தது, அவர்கள் முன்பே நடந்து அளந்த 23 சதுர கிலோமீட்டரோடு ஒப்பிட முடிந்ததால்தான். மற்றொரு கவலையும் இதில் உண்டு. அறிஞருக்கு வழிகாட்டும் படம் புதையல் திருடருக்கும் வழிகாட்டும். ஆகவே இத்தகைய அளவீடுகளில் இடிபாடுகள் இருக்கும் துல்லியமான இடங்களைப் பல ஆய்வாளர்கள் வெளியிடாமல் காக்கின்றனர்.

ஒளி காணாதவை

கண்ணாடிச் சன்னல் லிடாருக்குச் சன்னல் அன்று. ஒளி அதனூடே போய்விடும். நிலைக்கண்ணாடி அதனை ஏமாற்றும். ஆடிக்குப் பின்னால் இல்லாத அறையை அது இருப்பதாக அளக்கும். கருநிறப் பரப்பு ஒளியை விழுங்கிவிடும். வானூர்தி லிடார்களில் பெரிதும் பயன்படும் அகச்சிவப்பு ஒளியை நீர் உட்கொண்டுவிடும். ஆதலால் கரையோரக் கடலின் தரையை அளக்கப் பச்சை ஒளி பயன்படுத்தப்படுகிறது. மூடுபனியிலும் மழையிலும் ஒவ்வொரு துளியும் ஒரு புள்ளியாகிவிடும். வண்ணக் கண்ணாடிச் சாளரங்களுக்குப் பெயர்பெற்றது நோத்ர தாம். அதன் மிக அழகிய பகுதியே இக்கருவிக்கு மிகக் கடினமான பகுதி.

சுவருக்குள் என்ன இருக்கிறது என்பதும் அதற்குத் தெரியாது. மேற்பரப்பைத் தாண்டி அது செல்வதில்லை. கல்லோடு கல்லை இணைத்த சுண்ணச்சாந்து நலிந்துவிட்டதா, உத்தரத்தின் உள்ளே புழு அரித்திருக்கிறதா என்று அறிய வேறு ஆய்வுகள் வேண்டும். கருவியை யாரும் கொண்டு சென்று நிறுத்தாத மூலை, எத்தனை கோடிப் புள்ளிகள் இருந்தாலும், வெற்றிடமாகவே இருக்கும்.

தீக்குப் பின்

ஆன்ட்ரூ டாலன் 2018 நவம்பரில் நோயால் மறைந்தார். அவர் ஐம்பது வயதையும் எட்டவில்லை. ஐந்து மாதங்கள் கழித்து, 2019 ஏப்ரல் 15 அன்று மாலை, நோத்ர தாம் பேராலயத்தின் கூரையில் தீப்பிடித்தது. ஓக்கு மரங்களால் ஆன அதன் மேற்கூரைச் சட்டகத்தைக் 'காடு' என்றே பாரிசு மக்கள் அழைத்துவந்தனர். அத்தனை மரங்கள் அதில் இருந்தன. அக்காடு முழுவதும் எரிந்தது. 96 மீட்டர் உயர்ந்த ஊசிக்கோபுரம் ஆற்றங்கரையில் திரண்டு நின்ற மக்களின் கண்முன்னே முறிந்து விழுந்தது. கல் வளைவுக் கூரை மூன்று இடங்களில் உடைந்து திறந்தது. சுவர்களும் இரட்டைக் கோபுரங்களும் தப்பின.

தீ அணைந்தபின் எழுந்த முதல் கேள்வி மீண்டும் கட்டுவது பற்றியது அன்று. நிற்பது நிற்குமா என்பதே. கூரையின் பாரம் நீங்கிய சுவர்கள் நகர்கின்றனவா என்று அறிய, முன்பு எங்கே இருந்தன என்று தெரிய வேண்டும். புதிதாக லேசர் கொண்டு அளந்தனர். பழைய புள்ளிகளும் புதிய புள்ளிகளும் ஒப்பிடப்பட்டன. கலை வரலாற்றின் ஒரு வழக்கைத் தீர்க்க டாலன் எடுத்த அளவுகள், கட்டடத்தின் நாடியைப் பார்க்கும் அளவுகளாயின. பிரான்சின் தேசிய அறிவியல் ஆய்வு மையத்தைச் சேர்ந்த லீவியோ தெ லூக்கா தலைமையிலான குழு, பல காலத்தில் பலர் எடுத்த அளவுகளையும் ஒளிப்படங்களையும் ஒன்று திரட்டியது. தரையில் விழுந்து கிடந்த கற்கள் எண்ணிட்டு அளக்கப்பட்டன. விழுந்த வளைவில் எந்தக் கல் எவ்விடத்தில் இருந்திருக்கும் என்பதைத் தீக்கு முந்தைய புள்ளிமுகிலைத் துணைகொண்டு கணிப்பொறியில் தேடினர்.

எரிந்துபோன 'காட்டின்' கதை சற்று வேறு. ரெமி ஃப்ரோமோன், செட்ரிக் த்ராந்தெசோ என்னும் இரு கட்டடக் கலைஞர்கள், தீ விபத்துக்குச் சில ஆண்டுகள் முன்பே அவ்விருண்ட மேற்கூரைக்குள் ஏறி, ஒவ்வோர் உத்தரத்தையும் கையால் அளந்து வரைந்திருந்தனர். எந்த மரம் எந்த மரத்தோடு எவ்வகைப் பொருத்தால் இணைகிறது, அதன்மேல் பழந்தச்சர் இட்ட குறி என்ன என்பதெல்லாம் அவ்வரைபடங்களில் இருந்தன. லேசர் உருவத்தைத் தரும். ஆனால் இரண்டு உத்தரங்கள் சேரும் இடத்தில் உள்ளே மறைந்திருக்கும் பொருத்தினை அறிந்து வரையக் கையும் கண்ணும் வேண்டியிருந்தன. தேவை எழும் என்று தெரிந்து அவர்கள் வரையவில்லை. டாலனும் தெரிந்து அளக்கவில்லை.

மறுகட்டுமானத்தில் புதிய ஓக்கு மரங்கள் வெட்டி வரப்பட்டன. இடைக்காலத் தச்சர்களைப் போலவே, கோடரி கொண்டு அவற்றைக் கையால் செதுக்கினர். ஃப்ரோமோனே தலைமைக் கட்டடக் கலைஞர்களுள் ஒருவராக அப்பணியில் இருந்தார். 2024 டிசம்பர் 7 அன்று பேராலயம் மீண்டும் திறக்கப்பட்டது. உள்ளே கற்கள் கழுவப்பெற்று வெண்ணிறமாக ஒளிர்ந்தன. மேலே புதிய காடு நின்றது. மேற்கு முகப்பின் அரசர் வரிசையைத் தீ அழிக்கவில்லை. எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் மண் அமிழ்ந்ததால் நேர்ந்த அந்த ஓரடிச் சாய்வு, டாலன் அளந்தபோது இருந்தவாறே, இன்றும் அங்கு இருக்கிறது.